முன்கதை தோற்றது எங்கே? ‘ரெட் டிராகன்’ பற்றி ஒரு நீண்ட பதில்

உங்கள் கேள்வி நாலே வரி. ‘ரெட் டிராகன்’ இப்போதுதான் பார்த்தீர்கள்; கதை என்று எடுத்துக்கொண்டால் ‘தி சைலன்ஸ் ஆஃப் தி லேம்ப்ஸ்’ படத்தைவிட இதுவே உங்களைக் கட்டிப்போட்டது; ஆனால் யாரைக் கேட்டாலும் “அது கிளாசிக், இது காசுக்கு எடுத்த முன்கதை” என்கிறார்கள்; அப்படியென்றால் என் ரசனையில்தான் கோளாறா என்று கேட்டிருக்கிறீர்கள். ரசனையில் கோளாறு இல்லை, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆனால் நீங்கள் உண்மையில் கேட்பது அது இல்லை என்று நினைக்கிறேன். புகழ்பெற்ற ஒரு படத்துக்குப் பின்னால் வருகிற முன்கதையைத் தனியாக எடைபோட வேண்டுமா, இல்லை முந்தையதன் பக்கத்தில் வைத்துத்தான் எடைபோட முடியுமா என்பதுதான் கேள்வி. எடிட்டிங் என் தொழில். அதனால் நான் பார்ப்பதெல்லாம் ஒரு காட்சி எங்கே தொடங்குகிறது, யார் முகத்தில் முடிகிறது என்கிற பக்கத்திலிருந்துதான். அந்தச் சாய்வோடு இதைப் படியுங்கள். படங்களின் முடிவுகளையும் போட்டு உடைக்கப்போகிறேன்.

இந்தக் கேள்விக்கு ‘ரெட் டிராகன்’ மாதிரி நல்ல உதாரணம் கிடைப்பது கஷ்டம். காரணம், முன்கதை என்று நாம் சொல்லும் இது உண்மையில் முதலில் எழுதப்பட்ட கதை. தாமஸ் ஹாரிஸ் ‘ரெட் டிராகன்’ நாவலை 1981இல் வெளியிட்டார். மனித மாமிசம் தின்னும் மனநல மருத்துவர் ஹானிபல் லெக்டர் அதில் ஏற்கனவே சிறையில் இருக்கும் ஒரு துணைப் பாத்திரம்தான். 1986இல் மைக்கேல் மான் அதை ‘மேன்ஹன்டர்’ என்ற பெயரில் படமாக்கினார். படம் ஓடவில்லை. 1988இல் ஹாரிஸின் அடுத்த நாவல், 1991இல் ஜோனதன் டெமி அதிலிருந்து எடுத்த ‘சைலன்ஸ்’. சிறந்த படம், இயக்கம், நடிகர், நடிகை, தழுவல் திரைக்கதை என்று ஐந்து பெரிய ஆஸ்கார்களும் அதற்கே போயின. அதற்குமுன் அந்த ஐந்தையும் சேர்த்து வாங்கியவை 1934இலும் 1975இலும் வந்த இரண்டே படங்கள். பிறகு 2001இல் ‘ஹானிபல்’, 2002இல் பிரட் ராட்னர் இயக்கிய ‘ரெட் டிராகன்’. அதாவது ஒரே நாவல், புகழ்பெற்ற படம் வருவதற்கு முன்னால் ஒருமுறையும் வந்த பின்னால் ஒருமுறையும் படமாகியிருக்கிறது. இரண்டுக்கும் ஒளிப்பதிவாளர்கூட ஒரே ஆள், டான்டே ஸ்பினோட்டி. முந்தைய வெற்றி ஒரு கதையை என்ன செய்யும் என்று பார்க்க இதைவிடத் தோதான ஜோடியை யாரும் திட்டமிட்டே உருவாக்கியிருக்க முடியாது.

இந்தப் படம் ஏன் எடுக்கப்பட்டது என்பதையும் சொல்லியாக வேண்டும். ‘மேன்ஹன்டர்’ தயாரிப்பாளர் டினோ டி லாரன்டிஸ். படம் தோற்றதில் சலித்துப்போன அவர், அடுத்த நாவலைத் தானும் எடுக்கவில்லை. லெக்டர் பாத்திரத்தைப் பயன்படுத்தும் உரிமையை, ‘சைலன்ஸ்’ எடுத்த ஓரியன் நிறுவனத்துக்குக் காசு வாங்காமலே விட்டுக்கொடுத்தார். அது எவ்வளவு பெரிய பரிசு என்று 1992 ஆஸ்கார் இரவில் அவருக்குப் புரிந்திருக்கும். (‘மேன்ஹன்டர்’ என்ற மொட்டைத் தலைப்பும் அவர் வேலைதான். முந்தைய வருடம் அவர் தயாரித்த படமொன்றின் தலைப்பில் டிராகன் இருந்தது, அது படுத்துவிட்டது, இன்னொரு டிராகன் வேண்டாம் என்று மாற்றிவிட்டார்.) ‘ஹானிபல்’ படத்தோடு அவர் திரும்பி வந்தபோது வசூல் கொட்டியது. அடுத்து என்ன? லெக்டர் வரும் நாவல்களில் மிச்சம் இருந்தது ஏற்கனவே படமான ஒன்றுதான். அதையே மறுபடி எடுத்தார்கள். ஆகவே “காசுக்கு எடுத்தது” என்பது பொய்யில்லை. ஆனால் அது விமர்சனமும் இல்லை. காசுக்கு எடுத்த நல்ல படங்கள் எத்தனையோ உண்டு.

முன்கதைப் படங்களைப் பற்றி எல்லோரும் எடுத்தவுடன் சொல்கிற குறை, முடிவு தெரிந்துவிட்டதே, பிறகு என்ன பதைப்பு என்பது. இந்தப் படத்துக்கு அந்தக் குறை பொருந்தாது. லெக்டர் சாகமாட்டார், அவரை அடைத்துவைத்திருக்கும் மனநல மருத்துவமனையின் தலைவர் சில்டன் சாகமாட்டார், எஃப்பிஐ மேலதிகாரி கிராஃபர்டும் மருத்துவமனை ஊழியர் பார்னியும் பத்திரமாக இருப்பார்கள் என்பது தெரியும். ஆனால் கதாநாயகன் வில் கிரஹாம், லெக்டரைப் பிடித்த துப்பறிவாளன், ‘சைலன்ஸ்’ படத்தில் பேச்சுக்குக்கூட வருவதில்லை. அவன் மனைவி, மகன், பார்வையற்ற ரீபா, பத்திரிகைக்காரன் லவுண்ட்ஸ் என்று ஆபத்தில் இருக்கிற ஒருவரின் கதியும் நமக்கு முன்கூட்டித் தெரியாது. அதுவும் போக, இரண்டு படங்களுமே கொலைகாரன் யார் என்பதை மறைத்து வைத்து விளையாடுபவை அல்ல. இரண்டிலும் அவனைச் சீக்கிரமே நமக்குக் காட்டிவிடுகிறார்கள். யார் என்பதைவிட, போலீஸ் நேரத்துக்குப் போய்ச் சேருமா என்பதுதான் பதைப்பு. ஒன்றில் கடத்தப்பட்ட பெண்ணுக்கு மிச்சமிருக்கும் சில நாட்கள், இன்னொன்றில் அடுத்த பௌர்ணமி.

கதை என்று பார்த்தால் நீங்கள் சொல்வதுதான் சரி, தயங்காமல் ஒப்புக்கொள்கிறேன். துப்பறியும் முடிச்சு ‘ரெட் டிராகன்’ கதையில்தான் அழகு. அட்லாண்டாவில் ஒரு குடும்பம், பர்மிங்ஹாமில் ஒரு குடும்பம். இரண்டுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஆனால் கொலைகாரன் வீட்டுக்குள் நடமாடித் தெரிந்தவன் மாதிரி வந்து போயிருக்கிறான். பூட்டை வெட்ட போல்ட் கட்டர் கொண்டுவந்திருக்கிறான், ஆனால் அந்தக் கதவையே மாற்றி ரொம்ப நாளாகிறது. அப்படியென்றால் பழைய கதவை அவன் எங்கே பார்த்தான்? இரண்டு குடும்பங்களும் எடுத்த வீட்டுப் படங்களைக் கிரஹாம் இரவெல்லாம் போட்டுப் போட்டுப் பார்க்கிறான். தான் உட்கார்ந்திருக்கும் இடத்தில்தான் கொலைகாரனும் உட்கார்ந்திருக்கிறான், தான் பார்க்கும் படச்சுருளையே அவனும் பார்த்திருக்கிறான் என்பது சட்டென்று உறைக்கிறது. படச்சுருள்களைக் கழுவும் லேபில் வேலை செய்பவன்தான் கொலைகாரன். துப்பும் அதுதான், கருவும் அதுதான். இதோடு ஒப்பிட்டால் ‘சைலன்ஸ்’ நாயகி, எஃப்பிஐ பயிற்சி மாணவி கிளாரிஸ் கண்டுபிடிப்பது சின்ன விஷயம்: தினமும் கண்ணில் படுவதைத்தான் ஒருவன் முதலில் ஆசைப்படுவான், ஆகவே முதல் பலி அவனுக்கு அறிமுகமானவள். சுலபமான தர்க்கம், கொஞ்சம் அதிர்ஷ்டமும் சேர்ந்துகொள்கிறது.

பிறகு ‘சைலன்ஸ்’ எதில் உயர்ந்து நிற்கிறது? இதற்கு என் தொழில் வழியாகத்தான் பதில் சொல்ல முடியும். அந்தப் படத்தில் பார்வை யாருடையது என்ற ஒரு விஷயத்தை முதல் ஷாட்டிலிருந்து கடைசி வரை பிடித்துக்கொண்டே போகிறார்கள். வழக்கமாக இரண்டு பேர் பேசும் காட்சியில் நடிகர்கள் லென்ஸுக்குச் சற்று இடப்பக்கமோ வலப்பக்கமோ லுக் கொடுப்பார்கள். லென்ஸை நேராகப் பார்ப்பது தவறு என்றுதான் சொல்லிக்கொடுக்கிறோம். டெமியும் ஒளிப்பதிவாளர் டாக் ஃபுஜிமோட்டோவும் வேண்டுமென்றே அதை மீறினார்கள். கிளாரிஸோடு பேசுகிற ஆண்கள், கிராஃபர்ட், சில்டன், லெக்டர், பல இடங்களில் லென்ஸுக்குள்ளேயே பார்க்கிறார்கள். கிளாரிஸ் மட்டும் சற்று ஓரமாகப் பார்க்கிறாள். விளைவு, அவர்கள் முறைப்பது நம்மை. அவளுடைய நாற்காலியில் நம்மை உட்காரவைத்துவிடுகிறார்கள். படம் தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே எஃப்பிஐ பயிற்சிக் கூடத்து லிஃப்டில் அவள் ஏறுகிறாள். சுற்றிலும் சிவப்புச் சட்டை போட்ட நெடுநெடு ஆண்கள், நடுவில் குள்ளமாக இவள். ஒரு வசனம் இல்லை. படம் எதைப் பற்றியது என்று அந்தச் சில நொடிகளிலேயே சொல்லியாகிவிட்டது. கொலைகாரனும் பெண்களைப் பார்ப்பவன்தான். கடைசியில் இருட்டு நிலவறையில் இரவுப் பார்வைக் கருவியை மாட்டிக்கொண்டு அவளை அவன் பார்க்கும்போது, இதுவரை அவளிடத்தில் இருந்த நம்மைச் சட்டென்று தூக்கி அவன் கண்ணுக்குள் போடுகிறார்கள். அவள் கைகளால் காற்றைத் துழாவுகிறாள், அவன் கை அவள் முகத்தருகே வந்து நிற்கிறது. அதுவரை சேர்த்துவைத்த பார்வை அத்தனையும் அங்கே வந்து விழுகிறது.

எடிட்டர் கிரெய்க் மெக்கே செய்த ஒரு வேலையையும் சொல்லாமல் இருக்க முடியாது. இல்லினாய்ஸில் ஒரு வீட்டை எஃப்பிஐ படை சுற்றிவளைக்கிறது. பூ டெலிவரி என்று ஒருவர் போய் மணியை அழுத்துகிறார். நிலவறையில் மணி அடிக்கிறது, கொலைகாரன் எரிச்சலோடு நிமிர்கிறான். மறுபடி வெளியே, மறுபடி உள்ளே. கதவைத் திறந்தால் நிற்பது கிளாரிஸ், ஒற்றை ஆளாக, வேறொரு மாநிலத்தில். கிராஃபர்டின் ஆட்கள் உடைத்துக்கொண்டு நுழைந்தது காலி வீட்டுக்குள். இரண்டு இடங்களை மாற்றி மாற்றி வெட்டினால் அவை ஒரே இடம் என்று நாமாகவே எடுத்துக்கொள்கிறோமே, அந்தப் பழக்கத்தை வைத்தே நம்மைக் கவிழ்க்கிறார்கள். இதில் எனக்குப் பிடித்தது தந்திரம்கூட இல்லை. அது வெளிப்படும் நொடியில் பயம் கூடுகிறது, அது யாருக்கான பயம் என்பதும் தெளிவாக இருக்கிறது. வெறும் ட்விஸ்டாக இருந்திருந்தால் இரண்டாம் முறை பார்க்கும்போது செத்துப்போயிருக்கும். இது சாகவில்லை.

இப்போது முன்கதைக்கு வருவோம். ‘ரெட் டிராகன்’ கதையின் மையம் கிரஹாம். கொலைகாரனைப் போலவே யோசிக்கத் தெரிந்தவன். அதுதான் அவன் திறமை, அதுதான் அவன் நோயும். இன்னொரு முறை அந்த மண்டைக்குள் போனால் திரும்பி வருவோமா என்பது அவனுக்கே சந்தேகம். ‘மேன்ஹன்டர்’ இதை விடாமல் பிடித்துக்கொண்டது. விமானத்தில் கொலைக் களத்துப் புகைப்படங்களை மடியில் வைத்தபடி அவன் தூங்கிப்போக, பக்கத்து இருக்கைக் குழந்தை அவற்றைப் பார்த்துவிட்டு அலறுகிறது. இன்னொரு இடத்தில் சூப்பர் மார்க்கெட் அலமாரிகளுக்கு நடுவே தள்ளுவண்டியோடு நின்றுகொண்டு, தனக்கு முன்பு என்ன ஆயிற்று என்று மகனுக்குச் சொல்கிறான். சுற்றிலும் வரிசை வரிசையாகப் பளபளக்கும் டப்பாக்கள். மனநல மருத்துவமனைக்குப் போன கதையை ஒரு அப்பா மகனுக்குச் சொல்ல அதைவிடப் பொருத்தமில்லாத இடம் கிடையாது, அதனால்தான் அந்தக் காட்சி வேலை செய்கிறது. 2002 படத்தில் இதற்கு ஈடாக எதுவும் இல்லை. கிரஹாம் ஆபத்தான திறமை உள்ளவன் என்று மற்றவர்கள் சொல்கிறார்கள், அவனும் சொல்கிறான். ஆனால் நாம் பார்ப்பது புத்திசாலியான, களைத்துப்போன ஒரு அதிகாரியை.

ஏன் இப்படி ஆயிற்று? கிரஹாமுக்குப் போக வேண்டிய இடத்தை லெக்டர் எடுத்துக்கொண்டார். ‘மேன்ஹன்டர்’ படத்தில் பிரையன் காக்ஸ் நடித்த லெக்டர் சில காட்சிகளில் வந்து விஷத்தைக் கலந்துவிட்டுப் போய்விடுவார். ‘சைலன்ஸ்’ படத்திலும் அப்படித்தான். அதில் லெக்டராக வரும் ஆன்டனி ஹாப்கின்ஸ் திரையில் இருக்கும் நேரம் மொத்தப் படத்தில் கால் பங்குகூட வராது. படம் முழுக்க இருந்த மாதிரி நமக்குத் தோன்றுவதே அந்தச் சிக்கனத்தால் வந்தது. 2002இல் சிக்கனத்துக்கு வழியில்லை. டிக்கெட் வாங்குபவர் பார்க்க வருவது அவரைத்தான். ஆகவே படம் அவரோடு தொடங்குகிறது, அவரோடு முடிகிறது. நடுவிலும் அவருக்கென்றே காட்சிகள் போடுகிறார்கள். சங்கிலியில் கட்டி நடக்கவிட்டபடி கிரஹாமோடு பேசவைக்கும் காட்சி ஒன்று உண்டு. அதை அப்படியே எடுத்துவிட்டு ஓட்டிப்பாருங்கள், கதையில் ஓட்டை விழாது. எடிட்டிங்கில் நாங்கள் கேட்கும் முதல் கேள்வி இதுதான்: இதைத் தூக்கினால் என்ன போகும்?

ஒரே வசனத்தை வைத்து இந்த வித்தியாசத்தைப் பார்க்கலாம். சிறையில் தன்னைப் பார்க்க வரும் கிரஹாமை வாசனையை வைத்தே லெக்டர் கண்டுகொண்டு, நீதிமன்றத்தில் போட்டிருந்த அதே மோசமான ஆஃப்டர்ஷேவ் என்கிறார். இரண்டு படங்களிலும் இது உண்டு. காக்ஸ் வெள்ளைச் சுவர், வெள்ளைக் கம்பிகளுக்கு நடுவே படுக்கையில் முதுகைக் காட்டிப் படுத்திருக்கிறார். குரலில் ஒரு அலுப்பு. மான் காட்சியைப் பிரித்திருக்கும் விதத்தில் கம்பிகள் இருவர் முகத்துக்கு முன்னாலும் வருகின்றன. யார் உள்ளே, யார் வெளியே என்பது கொஞ்ச நேரத்தில் குழம்பிவிடுகிறது. கிரஹாம் அங்கிருந்து ஓடியே போகிறான். 2002இல் அதே வசனத்தை ஹாப்கின்ஸ் சொல்லும்போது நமக்கு வருவது புன்னகை. பழைய நண்பரைப் பார்த்த சந்தோஷம். அதே நடைவழி, அதே கண்ணாடி அறை, அதே குரல். பயம் மட்டும் வரவில்லை. ரஜினி படத்தில் அறிமுகக் காட்சிக்கு விசில் அடிக்கிறோமே, அந்த மனநிலைதான். அதில் தப்பு ஒன்றும் இல்லை, ஆனால் அந்த மனநிலையும் திகிலும் ஒரே காட்சியில் ஒத்துப்போகாது.

ஒன்றை நியாயமாகச் சொல்ல வேண்டும். படத்தின் ஆரம்பம் நன்றாகவே எடுக்கப்பட்டிருக்கிறது. பால்டிமோரில் ஒரு கச்சேரி. புல்லாங்குழல்காரர் ஒருவர் சுருதி தப்பி வாசிக்கிறார், லெக்டர் முகம் சுளிக்கிறார். அடுத்து அவர் வீட்டு விருந்து. இசைக்குழுவின் நிர்வாகிகள் சாப்பிடுகிறார்கள், அந்தக் கலைஞரைக் காணவில்லையே என்கிறார்கள், இது என்ன பதார்த்தம் என்றும் கேட்கிறார்கள். சொன்னால் சாப்பிடமாட்டீர்கள் என்கிற மாதிரி சிரித்துக்கொண்டே பதில் வருகிறது. முன்கதைக்கென்றே கிடைக்கும் ஒரு வசதி இது. பாத்திரங்களுக்குத் தெரியாதது நமக்குத் தெரியும், அந்த இடைவெளியில் நகைச்சுவையும் அருவருப்பும் சேர்ந்தே பிறக்கின்றன. ஆனால் முந்தைய படத்தைப் பார்க்காத ஒருவரைப் பக்கத்தில் உட்காரவைத்து இதைப் போட்டுப் பாருங்கள், பாதி விளங்காது. கடைசிக் காட்சி இன்னும் வெளிப்படை. எஃப்பிஐயிலிருந்து ஒரு இளம்பெண் பார்க்க வந்திருக்கிறாள் என்கிறார் சில்டன். பெயர் என்ன என்கிறார் லெக்டர். படம் முடிந்தது. கிரஹாமின் கதை, கொலைகாரன் டாலர்ஹைடின் கதை எல்லாவற்றையும் ஓரமாக வைத்துவிட்டு இன்னொரு படத்துக்கு வழிகாட்டும் பலகையாக நின்றுவிட்டது. எனக்குப் படத்தின் மேல் உண்மையாகவே கோபம் வருவது இந்த ஒரு இடத்தில்தான்.

அப்படியென்றால் படம் முழுக்க இரவல்தானா? இல்லை. லெக்டரே இல்லாத பகுதிகளில் அது சொந்தக் காலில் நிற்கிறது, உங்களைப் பிடித்து வைத்ததும் அதுவாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். ரேஃப் ஃபைன்ஸும் எமிலி வாட்சனும் வரும் காட்சிகள். கொலைகாரன் டாலர்ஹைட், லேபில் வேலை செய்யும் பார்வையற்ற ரீபாவை ஒரு புலியிடம் கூட்டிப்போகிறான். சிகிச்சைக்காக மயக்க மருந்து கொடுத்துக் கிடத்தியிருக்கிறார்கள். அவள் தயங்கித் தயங்கிக் கையை வைக்கிறாள். ரோமம், காது, விலா. பிறகு நெஞ்சில் காதை வைத்து இதயத் துடிப்பைக் கேட்கிறாள். ஃபைன்ஸ் தள்ளி நின்று பார்க்கிறார். அந்த முகத்தில் ஆசையும் பயமும் கலந்து ஓடுகின்றன. தன்னைத் தொட்டால்கூட ஒருத்தி பயப்படாமல் இருப்பாளோ என்ற எண்ணம் அவனுக்கு முதல்முறையாக வருகிறது. அவளுக்கோ புலிக்கு அப்புறம் யாரைத் தொட்டாள் என்பது தெரியாது. நமக்குத் தெரியும். லெக்டரின் புகழிலிருந்து ஒரு ரூபாய்கூடக் கடன் வாங்காத காட்சி இது.

இந்த ஒரு விஷயத்தில் முன்கதை முந்தைய படத்தைவிட ஒரு படி மேலே என்றுகூடச் சொல்வேன். ‘சைலன்ஸ்’ படத்தின் கொலைகாரன் கம்ப், டெட் லெவின் எவ்வளவு நன்றாக நடித்திருந்தாலும், ஒரு புதிராகவும் விகாரமாகவும்தான் நின்றுவிடுகிறான். திருநங்கையரையும் தன்பாலினரையும் அசிங்கப்படுத்துகிறது என்று படம் வந்த காலத்திலேயே போராட்டங்கள் நடந்தன. அவன் உண்மையில் அப்படிப்பட்டவன் அல்ல என்று லெக்டர் வாயால் ஒரு வசனம் வருகிறது, ஆனால் ஒரு வசனம் அவ்வளவு பிம்பங்களை அழித்துவிடாது. அந்தக் குறை நியாயமானது. டாலர்ஹைட் அப்படி இல்லை. பாட்டியிடம் பட்ட கொடுமை, கண்ணாடியைப் பார்க்கப் பிடிக்காத ஒருவன் தன்னைவிடப் பெரிய ஏதோ ஒன்றாக மாறத் துடிப்பது, சிவப்பு டிராகனை வரைந்த வில்லியம் பிளேக் ஓவியத்தை மியூசியத்துக்கே போய்த் தின்பது என்று ‘மேன்ஹன்டர்’ விட்டுவிட்ட பலவற்றை 2002 படம் நாவலிலிருந்து எடுத்துச் சேர்த்தது. மான் எடுத்த படத்தில் டாலர்ஹைடாக வரும் டாம் நூனன் பயமுறுத்துகிறார், ஆனால் அவன் யார் என்று அறிந்துகொள்ள நமக்கு நேரமே கொடுக்கப்படவில்லை. முடிவும் அவசரமாகத்தான் முடிகிறது: கிரஹாம் கண்ணாடியை உடைத்துக்கொண்டு பாய்கிறான், சுட்டுத் தள்ளுகிறான். 2002இன் முடிவு எவ்வளவோ மேல். டாலர்ஹைடிடம் சிக்கிய மகனைக் காப்பாற்ற, அந்தப் பாட்டி பேசிய மாதிரியே கிரஹாம் மகனைக் கேவலமாகத் திட்டுகிறான். கொலைகாரனின் மண்டைக்குள் போகிறவன் என்ற விஷயம் படம் முழுவதிலும் அந்த ஒரு நிமிடத்தில்தான் செயலாக வருகிறது. இதை முன்னாலேயே செய்திருக்கலாமே என்று இருக்கும்.

இதுவரை சொன்னவற்றில் திரையில் காட்டி நிரூபிக்கக்கூடியவை பெரும்பாலும். இனி வருவது என் சந்தேகங்கள். கிரஹாம் வெறுமையாகத் தெரிவதற்கு அவனாக நடித்த எட்வர்ட் நார்டன் காரணமா, எழுத்தா, இயக்கமா என்று என்னால் அறுதியிட்டுச் சொல்ல முடியவில்லை. திரைக்கதை எழுதியவர் டெட் டாலி, ‘சைலன்ஸ்’ படத்துக்கு ஆஸ்கார் வாங்கிய அதே ஆள். ஆகவே எழுத்தாளரை மட்டும் குற்றம் சொல்வது எளிதல்ல. ராட்னரைத் திட்டுவது ஒரு ஃபேஷன் ஆகிவிட்டது. ஆனால் வேறு யார் இயக்கியிருந்தாலும் ‘ஹானிபல்’ வசூலுக்கு அடுத்த வருடம் லெக்டரைக் குறைத்துக்கொள்ள விட்டிருப்பார்களா? எனக்கு நம்பிக்கை இல்லை. ஹாப்கின்ஸின் வயதும் ஒரு விஷயம். கதைப்படி முந்தைய காலம், ஆளுக்கு வயது பத்துக்கு மேல் கூடியிருக்கிறது. சிலருக்கு இது பெரிய உறுத்தல், எனக்கு முதல் காட்சியில் அந்தக் குடுமியைப் பார்க்கும்போது மட்டும்தான். டானி எல்ஃப்மனின் பின்னணி இசை எனக்குச் சத்தமாகப் படுகிறது. ஹோவர்ட் ஷோர் ‘சைலன்ஸ்’ படத்தில் அடக்கி வாசித்தது காதில் இருப்பதால் அப்படியா என்று தெரியாது. கடைசியாக, நான் ‘ரெட் டிராகன்’ பார்த்தது ‘சைலன்ஸ்’ மனப்பாடம் ஆன பிறகு. இதை முதலில் பார்த்தவருக்குக் கிரஹாம் எப்படித் தெரிவான் என்பதை நான் ஊகிக்கத்தான் முடியும். உங்களைப் போன்றவர்கள் சொன்னால்தான் உண்டு.

ஆகவே என் அளவுகோல் இதுதான். முந்தைய படத்துக்குச் சமமாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டாம். அந்தக் கேள்விக்குக் கிட்டத்தட்ட எப்போதும் இல்லை என்றுதான் பதில் வரும், அதிலிருந்து எதுவும் தெரியாது. காட்சி காட்சியாக எடுத்து, இது நம்மைத் தொடுவது இந்தப் படம் சேர்த்துவைத்ததாலா, முந்தையது சேர்த்துவைத்ததாலா என்று கேளுங்கள். புலிக் காட்சி முதல் வகை. விருந்துக் காட்சி இரண்டாம் வகை, ஆனால் இரவலை நன்றாகச் செலவு செய்கிறது. சங்கிலி நடைக் காட்சியும் கடைசி வசனமும் இரண்டாம் வகை, ஊதாரிச் செலவு. இப்படிப் பார்த்தால் ‘ரெட் டிராகன்’ பாதிக்குமேல் சொந்தமாகச் சம்பாதித்த படம். பலர் சொல்வதைவிட நல்ல படம், ‘சைலன்ஸ்’ பக்கத்தில் வைக்கும்போது ஒரு பார்வை இல்லாத படம். இரண்டையும் சேர்த்தே சொல்லலாம்.

அடுத்து எதைப் பார்க்கலாம் என்றும் கேட்டிருந்தீர்கள். 2007இல் வந்த ‘ஹானிபல் ரைசிங்’ வேண்டாம். லெக்டர் ஏன் இப்படி ஆனார் என்பதற்குப் போர்க்காலத்து லித்துவேனியாவையும் தங்கையின் சாவையும் காரணமாகக் காட்டுகிறது. 1988 நாவலில் இதே பாத்திரம், தன்னை எந்தக் காரணத்துக்குள்ளும் அடக்க முடியாது என்று கிளாரிஸிடம் சொன்ன ஆள். அதே எழுத்தாளரே பிறகு அடக்கிக் காட்டியது எனக்குப் புரியவில்லை. 2013 முதல் 2015 வரை வந்த ‘ஹானிபல்’ டிவி தொடரைப் பாருங்கள். கொடூரமும் அலங்காரமும் கொஞ்சம் ஓவர்தான், ஆனால் லெக்டர் பிடிபடுவதற்கு முன்னால் கிரஹாமோடு பழகிய காலத்தை எடுத்துக்கொண்டு, விருந்துக் காட்சியின் அந்த இடைவெளியை எபிசோடு எபிசோடாக நீட்டுகிறது. மூன்றாவது சீசனின் பின்பாதியில் டாலர்ஹைட் கதையும் வருகிறது. ஆனால் அதற்கு முன்னால் ‘மேன்ஹன்டர்’. பின்னணி சின்த் இசை எண்பதுகளின் வாசனை அடிக்கும், அதைப் பொறுத்துக்கொள்ளுங்கள். முடிந்தால் மூன்று படங்களிலும் சிறையில் நடக்கும் முதல் சந்திப்பை மட்டும் அடுத்தடுத்து ஓட்டிப்பாருங்கள். லெக்டரை விட்டுவிட்டு, எதிரே நிற்பவரின் முகத்தை எத்தனை முறை காட்டுகிறார்கள் என்று கவனியுங்கள். உங்களுக்கு என்ன தோன்றியது என்று இங்கேயே எழுதினால் நானும் தெரிந்துகொள்வேன்.